கியூபா ஏவுகணை நெருக்கடி: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உலக வரலாறு எடுக்கிறேன். பனிப்போர் பாடம் வந்துவிட்டால் 1962 அக்டோபரைத் தாண்ட விடமாட்டார்கள். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. வாய் வலிக்கச் சொல்வதற்கு ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சார், மொத்தக் கதையையும் முதல்ல ஒரே பத்தியில சொல்லிடுங்களேன்.

சரி. 1962 கோடையில் சோவியத் ஒன்றியம் கியூபாவுக்கு அணு ஏவுகணைகளை ரகசியமாகக் கொண்டுபோனது. அக்டோபர் 14 அன்று ஓர் அமெரிக்க உளவு விமானம் அவற்றைப் படம் பிடித்துவிட்டது. அதிபர் கென்னடி கியூபாவைச் சுற்றிக் கடலை மறித்து, ஏவுகணைகளை எடுத்தாக வேண்டும் என்றார். சோவியத் தலைவர் குருஷேவ் முதலில் முறுக்கிக்கொண்டார், அக்டோபர் 28 அன்று எடுத்துக்கொள்கிறேன் என்றார். பதிலுக்குக் கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று கென்னடி வாக்குக் கொடுத்தார். வெளியே சொல்லாத இன்னொரு பேரமும் இருந்தது, அது பின்னால் வரும்.

இத்துனூண்டு தீவு. அதுக்குப் போய் அமெரிக்கா ஏன் அப்படிப் பதறணும்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் முனையிலிருந்து கியூபா 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர். அங்கே வந்து இறங்கிய ஆர்-12 ஏவுகணை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் பாயும். வாஷிங்டன் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சோவியத் மண்ணிலிருந்து ஏவினால் அரை மணி நேரமாவது கையில் இருக்கும், கியூபாவிலிருந்து என்றால் சில நிமிடங்கள்தான்.

ஆனால் தூரம் மட்டும் காரணமில்லை. கியூபாவைத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி நடத்திப் பழகிய நாடு அமெரிக்கா. சர்க்கரை ஆலை, மின்சாரம், சூதாட்ட விடுதி என்று எல்லாவற்றிலும் அமெரிக்கப் பணம் இருந்தது. 1959 ஜனவரி 1 அன்று அதுவரை ஆண்ட சர்வாதிகாரி பாடிஸ்டா ஓடிப்போய் பிடல் காஸ்ட்ரோ வந்த பிறகு அவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆக்கினார். அந்தக் காயம் ஆறுவதற்குள் அதே கொல்லைப்புறத்தில் எதிராளி அணுகுண்டைக் கொண்டுவந்து வைத்தான் என்றால் பதறத்தானே செய்வார்கள்.

ரஷ்யா எதுக்காக அங்க கொண்டுபோய் வச்சுது? கியூபாவைக் காப்பாத்தவா, அமெரிக்காவை மிரட்டவா?

இரண்டுக்கும்தான். தேர்வில் ஒரு விடையைத்தான் டிக் அடிக்க வேண்டும் என்பதால் பிள்ளைகள் இதில் மல்லுக்கட்டுவார்கள்.

காப்பாற்றும் தேவை நிஜமாகவே இருந்தது. 1961 ஏப்ரலில் சிஐஏ பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூப அகதிகள் பன்றிகள் வளைகுடாவில் இறங்கி மூன்றே நாளில் தோற்றார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அதோடு அமெரிக்கா விடவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலிருந்து 'மங்கூஸ்' என்ற பெயரில் நாசவேலைத் திட்டம் ஒன்று ஓடியது. அடுத்தமுறை சொந்தப் படையையே அனுப்புவார்கள் என்று காஸ்ட்ரோ நினைத்ததில் தப்பே இல்லை.

மிரட்டும் தேவையும் இருந்தது. அமெரிக்கா வரை எட்டும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் அப்போது சோவியத்திடம் சில பத்துகள்தான், அமெரிக்காவிடம் அதைப்போலப் பல மடங்கு. போதாததற்கு துருக்கியில் 15, இத்தாலியில் 30 என்று ஜுபிடர் ஏவுகணைகளைச் சோவியத்தை நோக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். 1962 மே மாதம் பல்கேரியாவுக்குப் போயிருந்தபோது இந்த யோசனை தோன்றியதாகக் குருஷேவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உன் வாசலில் நான் வைத்தால் எப்படியிருக்கும் என்று நீயும் தெரிந்துகொள், அவ்வளவுதான் கணக்கு. பக்கத்தில் பெர்லின் நகரம் யார் கையில் என்ற தகராறு வேறு கொதித்துக்கொண்டிருந்தது.

அவ்ளோ பெரிய ஏவுகணையைக் கப்பல்ல யாருக்கும் தெரியாம எப்படிக் கொண்டுபோனாங்க?

இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. திட்டத்துக்கு 'அனாதிர்' என்று பெயர். அது சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் ஓடும் ஓர் ஆறு. ஏதோ பனிப் பிரதேசத்துக்குப் படை போகிறது என்று நினைக்கட்டும் என்று வைத்த பெயர். வீரர்களுக்கே தெரியக் கூடாது என்பதால் பனிச்சறுக்குக் கட்டைகள், கம்பளி பூட்ஸ் எல்லாம் ஏற்றினார்கள். கப்பல் தலைவர்களிடம் முத்திரையிட்ட உறையைக் கொடுத்து, நடுக்கடலில் பிரித்துப் பார் என்றார்கள். பிரித்துப் பார்த்த பிறகுதான் போகிற இடம் கியூபா என்றே தெரியும்.

வெப்ப மண்டலக் கடலில், மூடிய தளத்துக்கு அடியில், ஆயிரக்கணக்கான ஆட்கள். மேலே வந்து மூச்சு விடுவது இருட்டிய பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சம் பேராக. இறங்கும்போது சீருடை இல்லை, கட்டம் போட்ட சட்டைகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை என்றால் அதுவும் சீருடைதானே என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. இப்படியே சுமார் 42,000 பேர் போய் இறங்கிவிட்டார்கள். அமெரிக்க உளவுத் துறை அப்போது போட்ட கணக்கு இதில் கால் பங்கு. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு கேள்விக்கு வேண்டும்.

அப்புறம் எப்படி மாட்டினாங்க?

தென்னை, பனை மாதிரி மரங்களுக்கு நடுவே நிறுத்தினால் ஏவுகணை தெரியாது என்று, முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்த மார்ஷல் பிர்யுசோவ் சொல்லியிருந்தார். இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாயையும் அதைச் சுற்றி நிற்கும் லாரி, டேங்கர், கேபிள், கூடாரம் அத்தனையையும் எந்த மரம் மறைக்கும்?

அக்டோபர் 14 ஞாயிற்றுக்கிழமை மேஜர் ரிச்சர்ட் ஹெய்சர் ஓட்டிய யு-2 விமானம் மேற்குக் கியூபாவின் சான் கிறிஸ்டோபல் பகுதியைப் படமெடுத்தது. மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது என்ன வகை, ஏவத் தயாராக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றெல்லாம் கணிக்க உதவியவை, சோவியத் ராணுவ உளவுத் துறையிலேயே இருந்துகொண்டு மேற்கு நாடுகளுக்குத் தகவல் கொடுத்த ஓலெக் பென்கோவ்ஸ்கி ஏற்கெனவே அனுப்பியிருந்த கையேடுகள். அவரை அதே அக்டோபர் 22 அன்று மாஸ்கோவில் பிடித்தார்கள், மறு வருடம் மே மாதம் சுட்டுக் கொன்றார்கள்.

13 நாள், 13 நாள்னு சொல்றாங்களே, எந்த 13 நாள்?

கென்னடிக்குப் படத்தைக் காட்டிய அக்டோபர் 16 முதல் குருஷேவ் ஒப்புக்கொண்ட 28 வரை. இது வாஷிங்டன் கணக்கு. கடல் மறிப்பை எடுத்தது நவம்பர் 20-இல். கியூபாவில் இதன் பெயர் 'அக்டோபர் நெருக்கடி', ரஷ்யாவில் 'கரீபியன் நெருக்கடி'. ஏவுகணை என்ற சொல்லே அவர்கள் வைத்த பெயரில் இல்லை, கவனித்தீர்களா.

தெரிஞ்ச உடனே கென்னடி ஏன் குண்டு போடல?

போட்டிருப்பார். முதல் நாள் கூட்டத்தில் பேச்சு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. வெள்ளை மாளிகையில் கென்னடி ரகசியமாக ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்ததால் இந்த விவாதங்களை இன்று நாமே கேட்கலாம். விமானப்படையிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: எல்லா ஏவுகணைகளையும் ஒரே அடியில் அழித்துவிட முடியுமா? உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். ஒன்றிரண்டு தப்பித்து அமெரிக்க நகரம் ஒன்றில் விழுந்தால்? அங்கேதான் வேகம் குறைந்தது.

தளபதிகள் சும்மா இருக்கவில்லை. இது 1938-இல் பிரிட்டனும் பிரான்ஸும் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மாதிரி என்று விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே கென்னடியின் முகத்துக்கு நேரே சொன்னார். கென்னடியின் அப்பா அந்தக் காலத்தில் பிரிட்டனில் தூதராக இருந்து அதே விட்டுக்கொடுத்தலை ஆதரித்தவர், ஆக அந்தக் குத்தல் எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தேதான் சொல்லியிருப்பார். இதற்கு நடுவில் அக்டோபர் 18 அன்று சோவியத் வெளியுறவு அமைச்சர் க்ரோமிகோ வந்து, நாங்கள் கியூபாவுக்குத் தற்காப்பு உதவிதான் செய்கிறோம் என்று சாதித்தார். படங்கள் கையில் இருந்தும் கென்னடி வாயைத் திறக்கவில்லை.

முற்றுகைன்னு சொல்லாம 'குவாரன்டைன்'னு ஏன் சொன்னாங்க? கொரோனா ஞாபகம்தான் வருது.

சர்வதேசச் சட்டப்படி முற்றுகை என்பது போர்ச் செயல். கென்னடிக்குப் போர் தொடுத்தவர் என்ற பெயர் வேண்டாம். அதனால் அக்டோபர் 22 இரவுத் தொலைக்காட்சி உரையில் 'தனிமைப்படுத்தல்' என்றார். தாக்குதல் ஆயுதங்களை மட்டும்தான் தடுப்போம், சாப்பாடும் பெட்ரோலும் போகலாம் என்பது அதன் பொருள். மறுநாள் அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஆதரவையும் வாங்கிவிட்டு, 24-ஆம் தேதி காலை 10 மணி முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

ரெண்டு பக்கக் கப்பலும் நேருக்கு நேர் வந்து, கடைசி நிமிஷத்துல ரஷ்யக் கப்பல் திரும்பிடுச்சாமே?

இல்லை. கண்ணுக்குக் கண் பார்த்தோம், எதிராளி இமைத்துவிட்டான் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அன்று சொன்னது அழகான வசனம், அதனாலேயே பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. நடந்தது வேறு. உரை முடிந்த மறுநாளே, ஆயுதம் ஏற்றி வந்த பெரும்பாலான கப்பல்களைத் திருப்பச் சொல்லிவிட்டார் குருஷேவ். ஏவுகணை ஏற்றியிருந்த 'கிமோவ்ஸ்க்' திரும்பிய இடத்துக்கும் அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மைல் கடல் கிடந்தது. தகவல் வாஷிங்டனுக்கு ஒரு நாளுக்கு மேல் தாமதமாகப் போனதால், கண் முன்னால் இமைத்த மாதிரி தெரிந்தது.

உண்மையில் ஏறிச் சோதித்த முதல் கப்பல், 26-ஆம் தேதி, லெபனானில் பதிவு செய்த 'மருக்லா' என்ற சரக்குக் கப்பல். அதில் ஏவுகணை இருக்காது என்று தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். காகிதச் சுருள், கந்தகம், லாரி உதிரிபாகம் இருந்தன. சரி, போ என்று அனுப்பிவிட்டார்கள்.

டெஃப்கான் 2-ன்னா என்ன? நிஜமாவே போர் வர்ற நிலையா?

அமெரிக்க ராணுவத்தின் உஷார் நிலை எண் அது. 5 என்றால் சாதாரணம், 1 என்றால் போர். அக்டோபர் 24 அன்று அணுகுண்டு விமானங்களை வைத்திருந்த படைப்பிரிவு 2-க்குப் போனது. பி-52 விமானங்களில் எட்டில் ஒன்று குண்டோடு எந்நேரமும் வானத்தில் சுற்றியது. அந்தப் பிரிவின் தளபதி தாமஸ் பவர் உத்தரவைச் சங்கேதத்தில் அனுப்பாமல், சோவியத்துக்கும் கேட்கட்டும் என்று பச்சையாக வானொலியில் படித்தார்.

இப்படி முறுக்கி வைத்த நிலையில் சின்னச் சின்ன விஷயம் எப்படி வெடிக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். 25-ஆம் தேதி நடுராத்திரி, மினசோட்டா மாநிலத்து டுலூத் தளத்தில் காவலுக்கு நின்றவர் வேலியில் ஏதோ ஏறுவதைப் பார்த்துச் சுட்டார், அபாயச் சங்கையும் அழுத்தினார். பக்கத்துத் தளங்களிலும் மணி அடித்தது. விஸ்கான்சினில் ஒரு தளத்தில் மட்டும் கம்பி மாற்றிக் கொடுத்திருந்ததால், ஊடுருவல் மணிக்குப் பதிலாக 'போருக்குக் கிளம்பு' மணி அடித்தது. அணு ஆயுதம் தாங்கிய விமானங்கள் ஓடுபாதைக்கு நகர்ந்துவிட்டன. ஓர் அதிகாரி காரை எடுத்துக்கொண்டு விளக்கை மினுக்கியபடி ஓடுபாதையில் பாய்ந்து நிறுத்தினார். வேலியில் ஏறியது கரடி.

'கருப்பு சனிக்கிழமை'ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அன்னிக்கு அப்படி என்ன நடந்துச்சு?

அக்டோபர் 27. முந்தின நாள் குருஷேவிடமிருந்து நீளமாக, மனசுவிட்டு எழுதிய கடிதம் வந்திருந்தது: படையெடுக்க மாட்டேன் என்று சொல், எடுத்துவிடுகிறேன். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் சனிக்கிழமை காலை மாஸ்கோ வானொலியில் இரண்டாவது கடிதம்: துருக்கியில் இருப்பதையும் நீ எடுக்க வேண்டும். எந்தக் கடிதத்துக்குப் பதில் போடுவது என்று இவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கையில், கிழக்குக் கியூபாவின் பானெஸ் அருகே யு-2 விமானத்தை ஏவுகணை வீழ்த்தியது, விமானி மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். சுடச் சொன்னது குருஷேவ் இல்லை. கியூபாவில் இருந்த சோவியத் படைத் தலைவரைக் கூடத் தொடர்புகொள்ள முடியாமல், அவருக்குக் கீழே இருந்த தளபதிகள் எடுத்த முடிவு அது. விமானத்தைச் சுட்டால் திருப்பி அடிப்பது என்று வாஷிங்டனில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். கென்னடி அடிக்கவில்லை.

அதே நாளில் உலகத்தின் இன்னொரு மூலையில் சார்லஸ் மால்ட்ஸ்பி என்ற விமானி அலாஸ்காவிலிருந்து வட துருவத்துக்குப் பறந்தார். சோவியத் அணு சோதனைகளின் தூசியைக் காற்றில் பிடிப்பது வேலை. நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டியவருக்குத் துருவ ஒளி கண்ணைக் கட்டிவிட்டது. திரும்பியவர் நேராகச் சோவியத் எல்லைக்குள் போய்விட்டார். பாதை தவறிவிட்டோம் என்று உறுதியானது, காதில் ரஷ்யப் பாட்டு கேட்டபோதுதான். சோவியத்தின் மிக் போர் விமானங்கள் துரத்தின. அவரை மீட்க அமெரிக்கா அனுப்பிய எஃப்-102 விமானங்களில் அணு ஏவுகணை மாட்டியிருந்தது. எரிபொருள் தீர்ந்து, சறுக்கிக்கொண்டே வந்து அலாஸ்காவில் இறங்கினார். விஷயம் தெரிந்ததும் கென்னடி ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துச் சொன்னது: சொன்ன சேதி போய்ச் சேராத ஒருவன் எப்போதும் இருக்கத்தான் செய்கிறான்.

இந்த ஒரு வரிக்காகவே நான் அந்த நாளை வகுப்பில் முக்கால் மணி நேரம் எடுக்கிறேன். இரண்டு தலைவர்களுக்குமே போர் வேண்டாம். ஆனால் அவர்கள் பெயரில் இயங்கிய விமானம், கப்பல், மணி, கம்பி எதுவும் முழுதாக அவர்கள் கையில் இல்லை.

ஒரே ஒரு ரஷ்ய அதிகாரி உலகத்தையே காப்பாத்தினார்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, உண்மையா?

ஆள் உண்மை, சம்பவம் உண்மை, வாட்ஸ்அப்பில் கொஞ்சம் மசாலா கூடுதல். அதுவும் அதே 27-ஆம் தேதிதான். சர்காஸோ கடலில் பி-59 என்ற சோவியத் டீசல் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பல்கள் சுற்றி வளைத்து, மேலே வா என்று சமிக்ஞையாகச் சின்னப் பயிற்சிக் குண்டுகளைப் போட்டன. உள்ளே இருப்பவர்களுக்கு அது இரும்புப் பீப்பாய்க்குள் உட்கார வைத்து வெளியே சம்மட்டியால் அடிப்பது போல. குளிர்ந்த கடலுக்காகக் கட்டிய கப்பல் அது, உள்ளே சூடு 45 டிகிரியைத் தாண்டியிருந்தது, மின்கலம் இறங்கிக்கொண்டிருந்தது, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. அதில் ஓர் அணு டார்பிடோ, அதாவது நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் அணுகுண்டு, இருப்பது மேலே குண்டு போட்டவர்களுக்குத் தெரியாது.

மேலே போர் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்த தலைவர் சாவிட்ஸ்கி டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், அந்தப் படைப்பிரிவின் தலைமை அதிகாரியாக அதே கப்பலில் இருந்த வசிலி அர்கிபோவ் தடுத்து அமைதிப்படுத்தினார் என்றும் கப்பலில் இருந்த ஓர் அதிகாரி பிறகு எழுதினார். வேறு சிலர் சம்பவத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்கள். கப்பல் மேலே வந்தது, டார்பிடோ கிளம்பவில்லை, இதில் மாற்றுக் கருத்து இல்லை. அர்கிபோவ் இதற்கு முந்தின வருடம்தான் கே-19 நீர்மூழ்கியின் அணு உலை விபத்தில் தப்பியவர். கதிர்வீச்சு ஆளை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர். 2002-இல் ஹவானாவில் நடந்த 40-ஆம் ஆண்டுக் கூட்டத்தில்தான் இந்தக் கதை உலகத்துக்குப் பரவியது, அவர் 1998-லேயே இறந்துவிட்டார்.

காஸ்ட்ரோவே அணுகுண்டைப் போடுங்கன்னு சொன்னாராமே?

26-ஆம் தேதி இரவு தொடங்கி விடியற்காலை வரை சோவியத் தூதரகத்தில் உட்கார்ந்து குருஷேவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். சாரம் இது: அமெரிக்கா வெறுமனே குண்டு போடாமல் கியூபாவைப் பிடிக்கப் படையெடுத்தே வந்தால், அடுத்து உங்கள் மேல் முதல் அணுத் தாக்குதல் நடத்த அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள், அந்த ஆபத்தை ஒரேயடியாக முடித்துவிடுங்கள். குருஷேவ் இதை 'முதலில் நீங்கள் அணுகுண்டைப் போடுங்கள்' என்றே எடுத்துக்கொண்டு ஆடிப்போனார். படையெடுத்து வந்தால் என்ற நிபந்தனையைத்தான் சொன்னேன் என்று காஸ்ட்ரோ வாதாடினார். நிபந்தனை இருந்தது நிஜம். ஆனால் அது நடந்தால் கியூபாவே மிச்சமிருக்காது என்று தெரிந்தும் எழுதினார் என்பதும் நிஜம்.

கடைசியில யார் ஜெயிச்சது? கென்னடிதானே?

1962-இல் உலகம் அப்படித்தான் நினைத்தது. சனிக்கிழமை இரவு கென்னடியின் தம்பி ராபர்ட், சோவியத் தூதர் டோப்ரினினைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து, படையெடுக்க மாட்டோம் என்ற வாக்கோடு இன்னொன்றையும் சொன்னார்: துருக்கி ஏவுகணைகளும் சில மாதங்களில் போய்விடும், ஆனால் இதை வெளியே சொல்லக் கூடாது. மறுநாள் ஞாயிறு காலை மாஸ்கோ வானொலி, ஏவுகணைகளைக் கழற்றிக் கொண்டுவர உத்தரவிட்டதாக அறிவித்தது. 1963 ஏப்ரலில் துருக்கியில் ஒரு ஜுபிடர்கூட இல்லை.

மறைத்ததற்குக் காரணம் உள்ளூர் அரசியல். நவம்பரில் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் இருந்தது, அப்புறம், தன் பாதுகாப்புக்காகத் துருக்கியை விற்றுவிட்டார் என்று அமெரிக்காவின் ராணுவக் கூட்டணியான நேட்டோ நாடுகள் பேசும். துருக்கியை யாரும் கேட்கவே இல்லை. குருஷேவ் வாயை மூடிக்கொண்டதால் வெற்றி முழுக்கக் கென்னடி கணக்கில் ஏறியது. 1964 அக்டோபரில் குருஷேவைப் பதவியிலிருந்து இறக்கியபோது கியூபா விவகாரத்தையும் குற்றப் பட்டியலில் சேர்த்தார்கள். 1989-இல் மாஸ்கோவில் நடந்த கூட்டத்தில் கென்னடியின் உரை எழுத்தாளர் சோரன்சனே, ராபர்ட் கென்னடியின் நாட்குறிப்பு நூலாக வந்தபோது பேரம் பற்றிய தெளிவான பகுதியைத் தானே வெட்டியதாக ஒப்புக்கொண்டார். உறுதியாக நின்றால் எதிராளி பணிவான் என்ற பாடத்தைக் கால் நூற்றாண்டாக ஒரு தலைமுறையே இதை வைத்துப் படித்துவிட்டது, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது தெரியாமல்.

அமெரிக்கா அன்னிக்குப் படையெடுத்திருந்தா ஜெயிச்சிருக்காதா? அவ்ளோ பெரிய ராணுவம்.

42,000 என்ற எண்ணைச் சொன்னேன் அல்லவா, இங்கேதான் வேண்டும். அமெரிக்கா எதிர்பார்த்தது பத்தாயிரம் பேரை. அதைவிட மோசம், கியூபாவில் நகரங்களை அழிக்கும் ஏவுகணைகள் மட்டும் இல்லை, கரையில் இறங்கும் படையை அடிக்கக் கூடிய சிறிய அணு ஆயுதங்களும் இருந்தன: லூனா ராக்கெட்டுகளுக்கான குண்டுகள், எஃப்கேஆர் என்ற ஏவுகணைகளுக்கான குண்டுகள், எல்லாம் சேர்த்து 90-க்கு மேல். கியூபா மண்ணிலேயே இருக்கும் குவாந்தனாமோ அமெரிக்கத் தளமும் இவற்றின் குறியில் இருந்தது.

அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மக்நமாரா இதைத் தெரிந்துகொண்டது 30 வருடம் கழித்து, 1992-இல், ஹவானாவில் ஒரு மாநாட்டு மேசையில், எதிரே காஸ்ட்ரோ உட்கார்ந்திருக்க.

கியூபாக்காரங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

இல்லை. ஏவுகணைகளை எடுக்கப் போகிறார்கள் என்பதைக் காஸ்ட்ரோ செய்தியாகத்தான் தெரிந்துகொண்டார். கொதித்துப்போய் ஐந்து கோரிக்கைகள் வைத்தார். பொருளாதாரத் தடையை நீக்கு, நாசவேலையை நிறுத்து, குவாந்தனாமோவைக் கொடு என்பவை அதில் அடக்கம். ஒன்றும் நடக்கவில்லை. ஐ.நா. பொறுப்புப் பொதுச்செயலாளர் ஊ தாண்ட், நம் பக்கத்து பர்மாக்காரர், ஹவானாவுக்கே போய்ப் பேசியும், ஏவுகணைகள் போனதைச் சரிபார்க்கும் ஆய்வாளர்களை மண்ணில் கால் வைக்க விடமாட்டேன் என்றுவிட்டார் காஸ்ட்ரோ. அதனால் சோவியத் கப்பல்கள் ஏவுகணைகளைத் திறந்த தளத்தில் ஏற்றி, தார்ப்பாயை விலக்கிக் காட்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. மொத்தம் 42.

காஸ்ட்ரோவைச் சமாதானப்படுத்தத் தன் துணைப் பிரதமர் மிகோயானை அனுப்பினார் குருஷேவ். அவர் ஹவானா வந்து சேர்ந்த சமயத்தில் மாஸ்கோவில் அவர் மனைவி இறந்துவிட்டார். அடக்கத்துக்கு மகனை அனுப்பிவிட்டு, இவர் தங்கிப் பேச்சைத் தொடர்ந்தார். அந்தச் சின்ன அணு ஆயுதங்களை எங்களிடமாவது விடுங்கள் என்று காஸ்ட்ரோ கேட்டதை மறுத்து, எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப்போக வைத்தது மிகோயான்தான். அமெரிக்காவுக்கு இருப்பதே தெரியாத ஆயுதம், அதையும் எடுத்தார்கள். அர்கிபோவுக்குக் கிடைத்த புகழில் கொஞ்சம் இவருக்கும் போயிருக்கலாம்.

நம்ம சீனப் போரும் அதே அக்டோபர்தானே? தொடர்பு இருக்கா?

தேதி அப்படியே ஒத்துப்போகும். சீனா தாக்கியது அக்டோபர் 20, போர் நிறுத்தம் அறிவித்து நின்றது நவம்பர் 21. கடல் மறிப்பை எடுத்தது நவம்பர் 20. இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள் என்று வரும் ஃபார்வர்டுகளை நம்ப வேண்டாம், எல்லைத் தகராறு அதற்கு முன்பே பல வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது.

ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் பட்டது. கியூபாவில் சிக்கியிருந்த குருஷேவுக்குச் சீனாவின் ஆதரவு தேவைப்பட்டது. அக்டோபர் 25 அன்று சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளிதழ், சீனாவின் யோசனையை இந்தியா ஏற்க வேண்டும் என்கிற பாணியில் எழுதியது, டெல்லி அதிர்ந்துபோனது. ஏவுகணை விவகாரம் தணிந்ததும் நவம்பர் தொடக்கத்தில் சுருதி நடுநிலைக்கு மாறியது. வாஷிங்டனிலும் அதே கதைதான், டெல்லியில் இருந்த அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த்துக்கு அந்த வாரங்களில் தலைமையிடமிருந்து அதிக வழிகாட்டுதல் வரவில்லை.

இதுக்கப்புறம்தான் சிவப்பு டெலிபோன் வந்துச்சா?

வந்தது, ஆனால் அது டெலிபோனும் இல்லை, சிவப்பும் இல்லை. 1963 ஜூன் 20-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அமைத்தது வாஷிங்டனையும் மாஸ்கோவையும் நேரடியாகச் சேர்த்த டெலிபிரிண்டர் இணைப்பு, தட்டச்சு அடித்து அனுப்புவது. பேச்சில் தவறான அர்த்தம் வந்துவிடும் என்று வேண்டுமென்றே எழுத்தில் வைத்தார்கள்.

ஏன் தேவைப்பட்டது என்றால், நெருக்கடியின்போது குருஷேவின் 26-ஆம் தேதிக் கடிதம் மாஸ்கோ தூதரகத்தில் கொடுத்து, மொழிபெயர்த்து, சங்கேதமாக்கி வாஷிங்டன் போய்ச் சேர எட்டு மணி நேரத்துக்கு மேலானது. டோப்ரினின் தந்தி அனுப்பிய விதம் இன்னும் வேடிக்கை. வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள், ஒரு பையன் சைக்கிளில் வந்து உறையை வாங்கிக்கொண்டு போவான். வழியில் எங்கும் நின்று பேசிக்கொண்டிருக்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்வோம் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உலகத்தின் தலையெழுத்து சைக்கிள் கேரியரில்.

படையெடுக்க மாட்டோம்னு கொடுத்த வாக்கு இப்பவும் செல்லுமா?

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது, கடிதங்களும் அறிக்கைகளும்தான். ஐ.நா. ஆய்வு நடக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி அமெரிக்கா அதை முறையாக உறுதிப்படுத்தவில்லை. 1962 பிப்ரவரியில் போட்ட வர்த்தகத் தடையோ நெருக்கடியைத் தாண்டி, சோவியத்தையும் தாண்டி, காஸ்ட்ரோவையும் தாண்டி ஓடியது. குவாந்தனாமோ தளமும் போகவில்லை.

போய்ப் பார்க்க அங்க ஏதாவது மிச்சம் இருக்கா?

ஹவானாவில் புரட்சி அருங்காட்சியகம் இருக்கிறது, முன்பு பாடிஸ்டாவின் மாளிகை. அந்த வளாகத்தில் விமானத் துண்டுகளுக்கு நடுவே நசுங்கிய ஒரு ஜெட் என்ஜினைக் காட்சிக்கு வைத்தார்கள். அது 27-ஆம் தேதி பானெஸ் பக்கத்தில் விழுந்த ஆண்டர்சனின் யு-2.